பஸ்ஸில் வந்த பழக்கம்

எங்கள் கோயிலில் இனி ஆண்களும் பெண்களும் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம் என்று ஐயர் அறிவித்தபோது சபையில் பலர் கைதட்டினார்கள். தேவாலயத்தைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்லி வளர்ந்த பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாங்கள். ஆராதனைக்கு நடுவே கைதட்டுவது எங்களுக்கு வழக்கமில்லை. அன்றைக்குத் தட்டினார்கள். எனக்குப் பின்னால் இருந்த ஓர் இளம்பெண் "ஃபைனலி" என்று சத்தமாகவே சொன்னாள். நான் மட்டும் பாமாலைப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, இது என்னடா புதுத் தலைவலி என்று உட்கார்ந்திருந்தேன்.

அதுவரைக்கும் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள், நடுவில் நடை. ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கும் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் பிரிந்துபோய், ஆராதனை முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். இது எவ்வளவு அபத்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஹைஸ்கூலில் பயாலஜி நடத்துகிறவள். வகுப்பில் பையன்களையும் பெண்களையும் தனித்தனியாக உட்காரவைக்கக் கூடாது என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கத்திச் சண்டை போட்டவள். ஆனால் கோயிலில் அந்த அபத்தத்துக்குள்தான் நான் இத்தனை வருஷம் பத்திரமாக இருந்தேன். பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு. சுவரோரம் அம்மா. அம்மாவுக்கு அடுத்தது அவள். அவளுக்கு அடுத்தது நான். கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பக்கமாக இருக்க, நானும் அவளும் மட்டும் தோள் உரச உட்கார்ந்து, ஒரே பாமாலையை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு பாடினோம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்தில் பெண்கள் உட்காருவதில் கேட்க என்ன இருக்கிறது?

அவள் என்றால், பெங்களூர் காக்ஸ் டவுனில் என்னோடு வாடகை வீட்டில் இருப்பவள். சிட்டி பஸ்ஸில் கண்டக்டர். கிறிஸ்தவள் இல்லை, புத்தர் படத்துக்கு விளக்கேற்றும் வீட்டில் பிறந்தவள். ஞானஸ்நானம் எடுக்கவில்லையா என்று கோயிலில் யாராவது விசாரித்தால், "நாள் பூரா நின்னுக்கிட்டு இருக்கறவ நானு. உக்கார ஒரு சீட்டு குடுங்க, அது போதும்" என்பாள். அதற்கு மேல் அவர்களுக்குக் கேட்கத் தெரியாது.

அம்மா இருப்பது லிங்கராஜபுரத்தில், தம்பி வீட்டில். எங்கள் வீட்டுக்கு அம்மா வந்ததே இல்லை. தம்பி வீட்டுக்கு அவளை வா என்று யாரும் கூப்பிட்டதில்லை; வராதே என்றும் சொன்னதில்லை, அதற்குத் தேவையே வந்ததில்லை. ஆக, அம்மாவும் அவளும் நானும் ஒன்றாக உட்காருவதற்கு இந்தப் பெங்களூரில் இருந்தது அந்த ஒரு பெஞ்சுதான். அதுவும் போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. ஐயர் நல்ல மனுஷர், நல்ல காரியம்தான் செய்தார். அந்த நல்ல காரியம் நேராக என் தலையில் வந்து விழுந்தது.

அவள் எப்படி அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழை நாளில் என்னைக் கோயிலில் விட வந்தவள், மழை விடாததால் உள்ளே வந்து கிடைத்த இடைவெளியில் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது, அம்மா பக்கத்தில் இருந்த தோளைப் பார்க்காமலே பிடித்து எழுந்துவிட்டாள். பிறகுதான் அது யார் தோள் என்று பார்த்தாள். கையை எடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவுமில்லை. அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அப்படித்தான். பேச்சென்று வந்தால் மட்டும் "அந்தக் கண்டக்டர்" என்பாள். பெயர் சொன்னதில்லை.

இனி அப்பா. அப்பா இப்போது இல்லை. இருந்தபோது அவருக்கு என்னைப் பற்றி ஒரு கருத்து இருந்தது, அது ஒரே ஒரு வார்த்தையால் வந்தது. வருகிற வரன்களை எல்லாம் நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த காலம். அவள் அடிக்கடி வீட்டுக்கு வருவாள். ஒரு சாயங்காலம் அப்பா என்னைத் தனியாக உட்காரவைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணு கூட எப்படிம்மா பழக்கம்?"

எப்படி அறிமுகம் என்று கேட்கிறார் என நினைத்தேன். உண்மையைச் சொன்னேன். "பஸ்ஸுலதாம்ப்பா. டெய்லி ஸ்கூலுக்குப் போறேன்ல, அதுல பழக்கம்."

அப்பா கேட்டது வேறு பழக்கம். வெற்றிலை, சீட்டு, பொடி என்று மனிதனுக்குத் தொற்றிக்கொள்ளும் பழக்கங்களின் வரிசையில் அவர் இதைக் கேட்டிருக்கிறார். பதிலை நன்றாக யோசித்திருக்கிறார். அடுத்த மாதம் வாசலில் ஒரு புது ஸ்கூட்டர் நின்றது. "இனிமே பஸ்ஸு வேணாம்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். மகள் கஷ்டப்படக் கூடாது என்று வாங்கியிருக்கிறார் என நான் நெகிழ்ந்துபோனேன். வெகுநாள் கழித்து அம்மாதான் போட்டு உடைத்தாள். "பஸ்ஸுல போயிப் போயி வந்த பழக்கம், வண்டி குடுத்தா தானா விட்டுடும்னாரு உங்கப்பா." இதை நான் அவளிடம் சொன்னபோது அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். சிரித்த சிரிப்பில் வண்டி ஆடி, ஒரு ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அப்பாவைக் கேலி செய்கிறேன் என்றாலும், சூழ்நிலைதான் ஆளை உண்டாக்குகிறது என்று நம்புகிற படித்தவர்கள் சொல்வதற்கும் அப்பா செய்ததற்கும் பெரிய தூரமில்லை. அவர் அதை நம்பி வண்டி வாங்கினார், அவ்வளவுதான்.

அம்மாவின் கருத்து வேறு. அவளுக்கு இது பிறவி. சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். "உன்ன வயித்துல வெச்சிருந்தப்ப வீசிங்குக்கு மாத்திரை போட்டேன்டீ. வேணாம்னு அப்பவே மனசு சொல்லிச்சு. மூச்சு முட்டுது, என்ன பண்றது, போட்டுட்டேன்." அதனால் இல்லைம்மா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "அப்ப எதனால? நீதான் பயாலஜி டீச்சராச்சே, சொல்லு" என்பாள். தெரியாது என்பேன். அதுதான் உண்மை. ஆனால் அம்மா அந்தத் தெரியாதை நம்ப மாட்டாள். தன் மனம் நோகக் கூடாது என்று மகள் மறைக்கிறாள் என எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுவாள். பிறவி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அசதி வந்துவிடுவது இதனால்தான். அந்தச் சொல் என் அம்மாவின் வயிற்றில் போய்த்தான் நிற்கிறது.

ஐயர் அறிவித்த அன்று மதியம், வழக்கம்போல் தம்பி வீட்டில் பிரியாணி. தம்பி குஷியாக இருந்தான்.

"இனிமே நம்ம குடும்பம் பூரா ஒரே பெஞ்சுக்கா. அம்மா, நானு, இவ, பாப்பா, நீ. கரெக்டா அஞ்சு பேரு, பெஞ்சும் அஞ்சு பேருக்குத்தான்."

"அவ?" என்றேன்.

தம்பி தயிர்ப் பச்சடியைக் கலக்கினான். "தனியா வர்றவங்களுக்குப் பின்னாடி வரிசைன்னு சொன்னாங்கல்ல. ஃபேனுக்குக் கீழ, நல்ல எடம்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "அக்கா, நான் ஒண்ணும் தப்பா நெனைக்கறவன் இல்ல, உனக்கே தெரியும். இது பொறப்புலயே உள்ளது. மூளையிலயே அப்படித்தான் அமைஞ்சிருக்கு. வீடியோ அனுப்பினேனே பாத்தியா? உன் தப்பு இதுல எதுவுமே இல்ல."

அவன் பாப்பா என்கிற மகள் காலேஜில் சோசியாலஜி படிக்கிறாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "தப்பு இல்லன்னு சொல்றதே தப்புப்பா. ஆம்பள இப்படி, பொம்பள இப்படிங்கறதே சொசைட்டி கட்டி வெச்சது. கோயில்ல ரெண்டு பக்கமாப் பிரிச்சு வெச்சிருந்தாங்கல்ல, அப்படித்தான் எல்லாமே. இன்னைக்கு எடுத்துட்டாங்க, ஆகாசம் இடிஞ்சா விழுந்துது?"

"அப்போ ஜீன், ஹார்மோன்லாம் சும்னே இருக்கா? சும்மாவா?"

"அதுக்கு அர்த்தம் குடுக்கறது நாமதான்ப்பா. அத்தை, நீ சொல்லு."

"சொல்லுக்கா, நீ சயின்ஸ் ஆளு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் என்மேல் பிரியம் உண்டு, அதுதான் வேதனை. எனக்காகவே சண்டை போடுகிறார்கள். ஆனால் எனக்கு ஆயாசமாக இருந்தது. அவன் சொல்வது ஜெயித்தால் எல்லோரும் என்மேல் பரிதாபப்படுவார்கள்; அம்மா அந்த மாத்திரையை நினைத்துச் சாகும்வரை அழுவாள். பாப்பா சொல்வது ஜெயித்தால், கட்டியதைப் பிரித்துவிடலாமே என்று யாராவது இன்னொரு ஸ்கூட்டரோடு வருவார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் கேட்கிறவர்களின் காதில் அப்படித்தான் விழும். தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஏன் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், அது ஜீனா வளர்ப்பா என்று இந்த மேஜையில் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. அவர்களுக்குப் பெஞ்சில் இடம் கிடைக்க எந்தக் காரணமும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "முதலை முட்டை போடுதுல்ல, குட்டி ஆணா பொண்ணாங்கறத கூட்டோட சூடுதான் தீர்மானிக்குது. அது பொறப்பா, சூழ்நிலையா? சொல்லுங்க பாக்கலாம்."

தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "நீ என்ன முதலையாக்கா?" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டோம். தம்பி பெண்டாட்டி எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் எலும்பை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் எந்தப் பேச்சைக் கேட்டாள், எதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஆள் குறைவென்று அந்த ஞாயிறு மட்டும் வீக் ஆஃபிலும் டூட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்; அதை முடித்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், கால்களை வெந்நீர் பக்கெட்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல டீச்சர்" என்றாள். பஸ்ஸில் கூப்பிட ஆரம்பித்த டீச்சர்தான் இன்றுவரைக்கும். "நாள் பூரா, சார் இது லேடீஸ் சீட்டு, எந்திரிங்க சார்னு ஆம்பளைங்கள எழுப்பி எழுப்பி வாயி வலிக்குது. ஞாயித்துக்கெழமை என்னைய ஒருத்தர் வந்து எழுப்பணுமா?"

"யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் தம்பிகிட்ட பேசறேன்."

"என்னன்னு பேசுவ? நான் யாருன்னு சொல்லுவ?"

சிநேகிதி என்றால் பின்வரிசை. அதற்கு மேலான சொல்லை அந்தக் கோயிலில் சொன்னால் வாசல்தான். இருந்தும் தம்பிக்குப் போன் செய்தேன். அவன் எரிந்துவிழவில்லை. கெஞ்சினான். "குடும்பம்னு சொல்லிட்டாங்கக்கா. கமிட்டில யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? சொல்ப டைம் குடு, கொஞ்ச நாளு." இவர்களுக்கு டைம் கொடுத்துக் கொடுத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. சரி என்று போனை வைத்தேன். அவள் தன் வீக் ஆஃபை வேறு நாளுக்கு மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டாள். தடுத்துப் பேசுவதற்கான தெம்பு எனக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. இரண்டு பேரும் சீக்கிரமே படுத்துவிட்டோம்.

குடும்பமாக உட்காரும் முதல் ஞாயிறு கோயில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. புருஷன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூடப் புதுப்பெண் மாதிரி நெளிந்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

நான் தனியாகப் போனேன். தம்பி குடும்பம் முன்பே வந்து மூன்றாவது பெஞ்சைப் பிடித்துவிட்டது. வழக்கம்போல் சுவரோரம் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில், அவள் உட்காரும் இடத்தில், அம்மாவின் கறுப்புக் கைப்பை. அதற்கடுத்து எனக்கு இடம் விட்டுத் தம்பியும் அவன் பெண்டாட்டியும். தம்பி மகள் நடையில் நின்றுகொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தப் பை.

தம்பி என்னைத் தாண்டிக் குனிந்து, "அம்மா, பையை மடியில வெச்சுக்கோம்மா. பாப்பா உக்காரட்டும்" என்றான்.

"ஆளு வருது" என்றாள் அம்மா.

பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்கள் சொல்லும் அதே வார்த்தை. தம்பி என்னைப் பார்த்தான். எனக்கே ஒன்றும் புரியவில்லை. பாப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன். "நான் பின்னாடி ஃபேன் கீழ உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, போகும்போது என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

கூட்டம் நிறைந்து, உட்கார இடமில்லாமல் சிலர் ஓரமாக நிற்க ஆரம்பித்தார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்களிடம் நின்றார்.

"ஸ்தோத்திரம்மா. இங்க ஒரு எடம் இருக்கே, யாரு வராங்க?"

"எப்பவும் வர்றவதான்" என்றாள் அம்மா.

பெரியவருக்குத் தெரியாதா என்ன? வருஷக்கணக்காகப் பார்க்கிறவர். குரலைத் தணித்துக்கொண்டு, "இல்லம்மா, இப்ப குடும்பமா உக்காரணும்னு…" என்று இழுத்தார்.

அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதிரே பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவ தோளப் புடிச்சாத்தான் எந்திரிக்க வரும். பழக்கமாயிடுச்சு தம்பி. இனிமே மாத்த முடியாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்பாவின் வார்த்தை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை என்னை வைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். தன்னை வைத்து அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பெரியவர், முழங்கால் வலிக்காரக் கிழவியிடம் என்ன வாதம் செய்வது என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். தம்பி பாமாலையைப் புரட்டினான். பக்கம் எதுவும் தேடவில்லை, சும்மா புரட்டினான்.

முதல் பாட்டு தொடங்கியது. சபை எழுந்தது. நானும் எழுந்தேன். அம்மாவின் கை, பார்க்காமலே, எப்போதும் போல் பக்கத்தில் நீண்டது. தோள் இருக்க வேண்டிய உயரத்தில் ஒன்றுமில்லை. கை அப்படியே இறங்கிப் பையின்மேல் விழுந்தது, பை அமுங்கியது. என் கையை நீட்டினேன். தம்பியும் என்னைத் தாண்டித் தன் கையை நீட்டினான். அம்மா இரண்டையும் பார்த்தாள், வேண்டாம் என்று தலையசைத்தாள். எல்லோரும் நின்று பாட, அவள் மட்டும் உட்கார்ந்தபடியே பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பாட்டின் பாதியில் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்தேன். தம்பி கார் எடுக்கப் போயிருந்தான்.

"ஏன் வரல?" என்றாள் அம்மா.

"டூட்டிம்மா."

"டூட்டியா, கோவமா?"

அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அடுத்த வாரம் வரச் சொல்லு. இந்தப் பையைப் புடிச்சுக்கிட்டா நான் எந்திரிக்கிறது?" என்றாள். அதற்குள் கார் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காக்ஸ் டவுன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவள் பெயரையும் சொல்லவில்லை. அதையெல்லாம் எதிர்பார்க்கிற வயதும் எனக்குத் தாண்டிவிட்டது.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே அவளுக்குப் போன் செய்தேன். பின்னணியில் பஸ் இரைந்தது. யாரோ கன்னடத்தில் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டிரிப்புல இருக்கேன் டீச்சர். என்ன?"

"அம்மா எடம் போட்டு வெச்சிருந்தாங்க. பூஜை முடியற வரைக்கும் யாரையும் உக்கார விடல." அவள் வீட்டு வழக்கப்படி ஆராதனையைப் பூஜை என்றுதான் அவளிடம் சொல்வேன்.

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

பஸ் எங்கோ நின்று மறுபடி கிளம்பும் சத்தம் கேட்டது.

"என்னன்னு சொன்னாங்க?"

"பழக்கமாயிடுச்சுன்னாங்க."

அவள் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொடுக்கும் சத்தம்.

"உங்கப்பா இருந்திருந்தா," என்றாள், "உங்கம்மாவுக்கும் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்திருப்பாரு."